சாப்பாட்டுக்கு முன்

நெடுஞ்சாலை ஓரமாகப் பெரம்பலூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு கைலி, மாத்திரைகள், தண்ணீர் பாட்டில், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. இரண்டு காலிலும் முன்பக்கம் மூடிய துணிச் செருப்பு. இடது கால் செருப்பின் முனையில், இரண்டு விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில், பஞ்சு வைத்திருந்தேன்.

எனக்குப் பின்னால் ஆறு வருடம் வேலை பார்த்த ஹோட்டல் இருந்தது. யாரிடமும் சண்டை போட்டுவிட்டு வரவில்லை. சொல்லிக்கொள்ளவும் இல்லை. பாதி பிசைந்த மைதா மாவு மேடையில் கிடந்தது. ஈ மொய்க்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். அந்த மாவுக்கு ஈதான் சரியான விருந்தாளி.

அரை மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து காலைப் பார்க்க வேண்டும். என் காலுக்கு இப்போது வலி தெரியாது. கல் குத்தினாலும் சொல்லாது. அதனால் செருப்பைக் கழற்றி, கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேராகப் பிடித்து, கண்ணால்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பஸ் நிறுத்தத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெங்காயம் அறுக்கப் போய்த் திரும்பும் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"ஏண்ணே, காலுக்குப் பவுடர் போடப் போறீங்களா?" என்றாள் ஒருத்தி.

"பொட்டும் வச்சு வுடச் சொல்லு" என்றாள் இன்னொருத்தி.

நானும் சிரித்தேன். அவர்கள் பல்லில் தெரிந்த ஆரோக்கியம் எனக்கு நாற்பது வயதில் இல்லை.

சர்க்கரை நோய் என்று சொல்லப்பட்டும் அதை இன்னும் நம்பாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். உடையார்பாளையம் பக்கத்தில் பிறந்து, திருப்பூர், சேலம், பெங்களூர் என்று அடுப்படி அடுப்படியாகச் சுற்றினேன். நடுவில் ஒரு வருடம் லாரியில் கிளீனர். ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. தொண்ணூற்று ஒன்பதில் இந்த ஹோட்டலுக்குப் பரோட்டா மாஸ்டராக வந்தேன். இங்கேதான் அதிக நாள் நின்றேன். தீனி இலவசம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

தொலைதூர பஸ்கள் நிற்கும் ஹோட்டல் அது. பஸ் நின்றால் இருபது நிமிடம். இறங்கும் ஜனங்களுக்கு வேறு போக்கு இல்லை என்பது முதலாளிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். முந்தின நாள் எண்ணெயில் போட்ட போண்டா. கோழிக்கே அடையாளம் தெரியாத சிவப்பில் கோழித் துண்டு. டால்டாவும் மைதாவும் சேர்ந்த பரோட்டா, அதன் குற்றத்தை மறைக்க ஒரு கரண்டி சால்னா. பாக்கெட்டில் காற்றை அடைத்து, அடியில் நாலு வறுவல் போட்டு விற்கும் சாமான்கள். கறுப்பாகவும் ஆரஞ்சாகவும் நுரைக்கிற பாட்டில்கள். இதையெல்லாம் குழந்தைகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுக்கிற அப்பன்மாரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பின்னால் தனி அறை. அவர்களுக்குத் தனியாகச் சோறு, ரசம், ஒரு கீரை, ஒரு முட்டை. ஒரு டிரைவரும் என் பரோட்டாவைத் தொட்டதில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஊரைப் பார்த்துச் சிரித்த நான், அதே கல்லில் பிய்ந்துபோன பரோட்டாவை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. தண்ணீர் குடத்தோடு குடித்தாலும் நாக்கு காய்ந்தது. டீ மாஸ்டர் சுப்பையன், "ஆளு எளச்சு ஹீரோ மாரி ஆயிட்டீங்க மாஸ்டர்" என்றான். எனக்கும் அது பிடித்திருந்தது. கண் மங்கிய பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, சர்க்கரை மிக அதிகம் என்றார் டாக்டரம்மா.

அவர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்க?"

"ஒரு வேளதாங்க. அதுவும் சில நாள் கெடயாது."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அப்படி இருக்கக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடணும். இந்த மாத்திரையைக் காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடுங்க. மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம மட்டும் இருக்காதீங்க, மயக்கம் வந்துரும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். நான் பொய் சொல்லவில்லை. அவரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு என்ற அந்த ஒரு சொல்லில் என் கால்விரல்கள் போயின.

எங்கள் பக்கத்தில் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் பலகாரம், டிபன், தீனி, வாய்க்கு ருசி. எட்டு இட்லி தின்றவனை "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "இல்ல, டிபன்தான்" என்பான். செட்டிகுளத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா அஞ்சலை கிருத்திகைக்கு விரதம் இருப்பாள். இரவு சோறு தொடமாட்டாள். ஆறு இட்லியும் இரண்டு பழமும் தின்றுவிட்டு, சாப்பிடாமல் கிடக்கிறேன் என்று மலை முருகனிடமே சொல்வாள். முருகனும் மறுத்ததில்லை.

நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். காலையில் பூரி, அது டிபன். பதினோரு மணிக்கு போண்டா, அது கடி. சாயங்காலம் நாலு பரோட்டா, அது பலகாரம். இடையில் உடைந்த மிக்சர், யாரோ பாதி குடித்துவிட்டு வைத்துப்போன கலர் பாட்டில். அது எதுவுமே இல்லை. மத்தியானம் கூட்டம் ஓய்ந்து நாலு மணிக்கு மேல் சோறு கிடைத்தால் அதற்கு முன் ஒரு மாத்திரை. சோறு இல்லாத நாளில் மாத்திரையும் இல்லை. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் மயக்கம் வரும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாரே. சர்க்கரைக்குச் சோறு ஆகாது என்று வழியில் எவனோ சொன்னதைக் கேட்டு, போகப் போக அந்த ஒரு வேளைச் சோற்றையும் விட்டேன். வாயைக் கட்டிவிட்டதாகப் பெருமை வேறு.

ஒரு மாத மாத்திரை எனக்கு மாதக்கணக்கில் வந்தது. மாத்திரை மிச்சம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு எதற்கு? போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அடுப்படியில் நாற்றம் அடித்தது. சுப்பையன் மூட்டைகளை நகர்த்திப் பார்த்தான்.

"எங்கயோ எலி செத்துக் கெடக்கு மாஸ்டர்."

நானும் சேர்ந்து தேடினேன். மாவு மூட்டைக்குப் பின்னால், கல்லுக்கு அடியில், எண்ணெய் டின் சந்தில் எல்லாம் தேடினோம். நான் போகும் இடத்துக்கெல்லாம் நாற்றமும் வந்தது. சுப்பையன் குனிந்தவன் நிமிரவில்லை.

"மாஸ்டர், செருப்பக் கழட்டுங்க."

பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போய் நீர் வடிந்துகொண்டிருந்தன. செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு லாட ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் அதன் மேல் நின்று பரோட்டா வீசினேன் என்று எனக்குத் தெரியாது. செத்த எலி நான்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு சொற்கள் சொன்னார்கள். ஒன்று நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெட்டு உணர்ச்சி மரத்துப்போவது). இன்னொன்று கேங்ரீன் (ரத்தம் போகாமல் சதை செத்து அழுகுவது). அறுவை செய்யும் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"விரல் ரெண்டும் போயிடும். அதோட நிக்குமா, கணுக்கால் வரைக்கும் எடுக்கணுமான்னு நாலு நாள் பாத்துதான் சொல்ல முடியும்."

எனக்கு வீடு கிடையாது, நிலம் கிடையாது. பிடிக்காத இடத்திலிருந்து நடந்து வெளியேற முடியும் என்பது ஒன்றுதான் என்னிடம் இருந்த சொத்து. அது இப்போது ஒரு மேஜை மேல் கட்டுப்போட்டுக் கிடந்தது.

அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். டாக்டர் என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாத்திரை ஒழுங்காப் போட்டியா?"

"போட்டேன் சார். சாப்பாட்டுக்கு முன்னாடிதான் போட்டேன்."

"அப்புறம் ஏன்யா ரெண்டு வருஷமா மாத்திரை வாங்கவே வரல?"

"சாப்ட்டாத்தானே சார்."

"ரெண்டு வருஷமா சாப்பிடாமயா இருந்தே? என்னதான் தின்னே?"

சொன்னேன். பூரியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவே அழுகையாக மாறியது.

"அதத்தான் சார் நாங்களும் சாப்பாடுன்னு சொல்ல மாட்டோம்" என்றாள் டாக்டரிடம், எனக்குச் சாட்சி சொல்வதுபோல.

டாக்டர் சீட்டில் இருந்த 'சாப்பாட்டுக்கு முன்' என்பதை அடித்தார். 'வாயில் எது போட்டாலும் காலை, இரவு, அரை மணி முன்' என்று எழுதினார். படித்தவர்கள் ஊர்ப்பேச்சு கற்றுக்கொள்ள என் இரண்டு விரல் செலவானது.

விரல்களை எடுத்தார்கள். நாலு நாள் காத்திருந்தோம். கணுக்கால் தப்பியது.

வார்டில் கிடந்த நாட்களில் நான் வெறுத்தது புண்ணை அல்ல, பார்க்க வந்தவர்களை. நோயாளியைப் பார்க்கப் போனால் பன்னும் பிஸ்கட்டும் வாங்கிப் போக வேண்டும் என்று எவன் சட்டம் போட்டானோ தெரியாது. சர்க்கரையால் கால் அழுகிக் கிடக்கிறவர்களின் தலைமாட்டில் எல்லாம் கிரீம் பன். முதலாளி வந்தார். சொந்தக் கடை லட்டும் ஒரு ஆரஞ்சு பாட்டிலும் கொண்டுவந்தார்.

"ஒடம்பத் தேத்திக்கிட்டு சீக்கிரம் வாய்யா. கல்லுல ஆளு சரியில்ல" என்றார்.

அவர் போனதும் அக்கா அந்தப் பாட்டிலைத் திறந்து கழிவறையில் ஊற்றினாள். "கக்கூசு நல்லா வெளுக்குதுடா" என்றாள் திரும்பி வந்து.

அக்கா கொண்டுவந்தது சோளச்சோறும் முருங்கைக்கீரையும், சின்ன வெங்காயமும். முதல் வாரம் அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வந்தது. அடுப்படியில் இருபது வருடம் இருந்தும், உப்பும் எண்ணெயும் சிவப்புப் பொடியும் இல்லாமலே எதற்கும் ருசி உண்டு என்பதை என் நாக்கு மறந்திருந்தது. ஒரு மாதம் ஆனது, வெங்காயம் இனிக்கிறது என்று தெரிய.

இதைச் சொல்லி உங்களைச் சோளத்துக்கு அடிமையாக்க வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் மேஜை போட்டு, சர்க்கரையை வேரோடு பிடுங்கும் பொடி என்று விற்கிறான். கம்பங்கூழே மருந்து, மாத்திரை வேண்டாம் என்று இன்னொருவன். இரண்டு பேரும் என் முதலாளியின் தம்பிகள். கூழையும் மூன்று சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறும். அளவாகத் தின்னுங்கள், காயும் பயறும் கூட்டுங்கள், மைதாவையும் பாட்டிலையும் பாக்கெட்டையும் விடுங்கள், மாத்திரையை விடாதீர்கள். வாயில் போடுவது எல்லாமே சாப்பாடுதான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

புண் ஆறியதும் ஹோட்டலுக்குத் திரும்பினேன். வேறு வேலை தெரியாது. முதலாளி நல்லவர்போல, "கல்லுல நிக்க வேணாம். ஒக்காந்து மாவு மட்டும் பெசஞ்சு குடு" என்றார். உட்கார்ந்து பிசைந்தேன். அரை மணி ஆகியிருக்கும். என் தாடை அசைவது தெரிந்தது. வாயில் ஒரு துண்டு பரோட்டா இருந்தது. பக்கத்துத் தட்டிலிருந்து அதை எடுத்தது என் கை. எடுத்ததும் தெரியவில்லை, மென்றதும் தெரியவில்லை. ஆணி ஏறியது தெரியாமல் நின்ற அதே ஆள்தான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறான் என்று புரிந்தது. கால் மட்டுமா மரத்துப்போயிருந்தது?

துப்பினேன். பையை எடுத்தேன். நடந்தேன். அந்த நடையில்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

பெரம்பலூர் நாலு ரோட்டில் அரியலூர் பஸ் ஏறினேன். இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மாத்திரை போட்டு, அரை மணி காத்து, மூன்று இட்லி தின்றேன். சாப்பிட்டேன் என்று எழுத வேண்டும். பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் பாதையில் ரோடு போடுகிறவர்களின் கொட்டகை ஒன்றைப் பார்த்தேன். சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி பெரிய மீசைக்காரர்.

"பரோட்டா போடுவியா? ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்கானுவ."

கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். என் வயதில் பாதி அந்தக் கல்லில் போயிருக்கிறது.

"தெரியாதுங்க."

"பரோட்டா தெரியாம என்னாய்யா சமையக்காரன்?"

"சோறு வடிப்பேன். கொழம்பு, கீர, பயறு. எட்டு மணி, ஒரு மணி, ஏழு மணின்னா அந்த மணிக்கு எறக்கிடுவேன்."

அவர் என் செருப்பைப் பார்த்தார். "காலு என்னாச்சு?"

"சாப்புடாம கெடந்து போச்சுங்க."

நிஜத்தைத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அடப்பாவி. அம்புட்டுப் பட்டினியா?" என்று கொட்டகைக்குள் திரும்பி டீயும் இரண்டு பன்னும் எடுத்துவந்து நீட்டினார். "வேல கெடக்குது. மொதல்ல சாப்புடு."

அவர் மனசு நல்ல மனசு. விளக்கிச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது. டீயையும் பன்னையும் ஓரமாக வைத்துவிட்டு, அவித்த பயறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் பஸ் வரும் நேரம், பஸ் போகும் நேரம். இப்போது அது மாத்திரைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் இந்த அரை மணி. செருப்பைக் கழற்றிக் கண்ணாடியில் காலைப் பார்த்தேன். பழுதில்லை. மாட்டிக்கொண்டு எழுந்து, அந்த அரை மணிக்குள் அடுப்பைப் பற்றவைத்து, நாற்பது பேருக்கு அரிசி களைந்து உலையில் போட்டேன்.