ஷூஷானிக்கின் வலது விலா

ஷூஷானிக்குக்கு ஆறு வயதில் தொடங்கியது அது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் கத்தி செருகும், உடம்பு அனலாய்க் கொதிக்கும். மூன்றே நாள்தான். டாக்டரிடம் கூட்டிப்போவதற்குள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்பாள். பெய்ரூத்தில் ஆர்மேனியர்கள் வாழும் புர்ஜ் ஹம்மூத் பேட்டையில் அவள் தெருவே அவளுக்கு நடிப்புக்காரி என்று பெயர் வைத்துவிட்டது.

பதினேழு வயதில் ஒரு டாக்டர் மட்டும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டிருக்கிறது என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வருமா என்று கேட்டார்.

"எங்க வீட்லயா? ஒருத்தருக்கும் கிடையாது டாக்டர்!" அம்மா வெர்கினே முந்திக்கொண்டாள்.

இதே வலியில் தாய்மாமன் மாதம் ஒருமுறை சுருண்டு படுப்பவர். வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? எங்கள் ஆர்மேனிய வீடுகளில் இந்தப் பொய்யைத்தான் முதல் சீதனமாகச் சேர்த்து வைப்பார்கள். அதனால் டாக்டருக்கு நோயின் பெயர் பிடிபடவில்லை, மருந்தும் கிடைக்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

செருப்புப் பட்டறையில் தோல் தைத்தபடி, பல்லைக் கடித்து ஒன்பது வருடம் ஓட்டினாள். ஹரூத் வீட்டார் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வலி வந்து உட்கார்ந்துகொண்டது.

"அம்மா, இன்னொரு நாள் வரச் சொல்லேன். முடியலம்மா."

"வாசல்ல வந்து நிக்கிறவங்கள எப்படித் திருப்பி அனுப்புறது? காபிய நீதான் கொண்டுவரணும். முனகினே, தொலைச்சிடுவேன்."

சமையலறையிலிருந்து கூடம் பன்னிரண்டு அடிதான். தட்டைப் பிடித்தபடி பாதிப் பாதியாக மூச்சு விட்டு நடந்தாள். இருமினால் எல்லாம் போயிற்று. ஓடவும் முடியாது, படுக்கவும் முடியாது. தன் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே அவள் அடைபட்டுக் கிடந்தாள்.

ஹரூத்தின் அம்மா ஸாபெல் காபியைக் குடித்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலில் குறி பார்க்கக் கோப்பையைக் கவிழ்த்தாள். ஆனால் அவள் பார்வை பெண்ணின் வலது கை விலாவை அழுத்துவதிலேயே நின்றது.

"முதல் நாளா, ரெண்டாவது நாளா?"

வெர்கினேவின் முகம் வெளிறியது. "என்ன கேக்குறீங்க சம்பந்தியம்மா..."

"முதல் நாள்," என்றாள் ஷூஷானிக்.

ஸாபெல் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்தாள். "எங்க ஹரூத்துக்கும் இதேதான்மா. தினம் மாத்திரை போட்டா அவ்வளவா வராது. இன்னிக்கு வலிய நீ பட்டுத்தான் தீரணும். நாங்களும் மறைச்சுட்டுத்தான் வந்தோம். இனிமே யாரு யாருக்குப் பயப்படணும்?"

இரண்டு அம்மாக்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். கடவுளே பார்த்துச் சேர்த்த ஜோடி என்றார்கள்.

ஷூஷானிக்குக்கும் சந்தோஷம்தான். இருபது வருடத்தில் முதல்முறையாக அவளை ஒருத்தி நம்பியிருக்கிறாள். ஆனால் அவனுக்கும் இதே நெஞ்சு, தனக்கும் இதே நெஞ்சு என்றால், பிறக்கப்போகும் பிள்ளை?

"டாக்டரை ஒரு வார்த்தை..." அதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது.

"டாக்டர் எதுக்குடி? அதான் மாத்திரை கெடச்சிருச்சே!" என்று சிரித்தாள் வெர்கினே. விலாவை அழுத்திக்கொண்டிருந்த கையை ஸாபெல் ஆசையாகப் பிடுங்கி, மோதிரத்தை மாட்டினாள்.