குடகு மழையும் என் பெருமையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், மகள் முகம் நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன். இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, பங்குச் சாமியாரிடம் மட்டும் சொன்னது போதாது என்று பட்டது.

நாங்கள் குடவாசல் பக்கம், ஆற்றுப் பாசனத்தில் நெல் விவசாயம். திருச்சியில் வேலை பார்த்த மகள், கூட வேலை செய்த பையனை விரும்பினாள். எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். சொந்த ஊர் ராமநாதபுரம் சீமை. ஒரு தை மாதம் நானும் மனைவியும் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினோம். “அங்க போயி நெல்லு, வயலுன்னு ஆரம்பிச்சிடாதீங்கப்பா” என்று சொல்லித்தான் மகள் அனுப்பினாள்.

பேராவூரணி வரை தென்னந்தோப்பு. அதற்கப்புறம் போகப் போகப் பச்சை குறைந்து, பனையும் கருவேலமுமாக ஆனது. பஸ்ஸிலேயே என் மனம் சுருங்கிவிட்டது.

அவர்கள் வீட்டு வாசலில் ஒரு குடம் தண்ணீரும் செம்பும் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் செய்வதுபோல முகம் கழுவி, வாய் கொப்பளித்து, முழங்கால் வரை ஊற்றிக் குடத்தையே காலி செய்தேன்.

“போதுங்க” என்று மனைவி கிசுகிசுத்தாள்.

“தண்ணிதானேடி!” என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

பையனின் அம்மா அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிக்கு நடந்தார். அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் சோறு போட்டார்கள்.

சாப்பிடும்போதாவது வாயை மூடியிருக்கலாம். “வயல்ல என்னதான் கெடைக்குது?” என்று கேட்டேன்.

“மழ பேஞ்சா ஒரு போகம் நெல்லு. பாதி மழைன்னா வைக்கோலு. அதுவும் இல்லாட்டி மகன் சம்பளம்” என்று சிரித்தார் பையனின் அப்பா.

நான் சிரிக்கவில்லை. “எங்க ஊர்ல மொதக் கதிர மாதாவுக்கு வச்சிட்டுத்தான் அறுப்போம். அதான் ஆண்டவர் எங்களுக்குக் கொறையே வைக்கல” என்றேன்.

“நாங்களும் வைக்கிறோங்க” என்றார் அந்த அம்மா.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் மாதா படத்துக்குக் கீழே அந்த வருடத்துக் கதிர்க்கொத்து தொங்கியது. பாதிக்குமேல் பதர்.

“ரெண்டு ஊருக்கும் ஒரே மாதாதாண்ணே” என்றார் பையனின் அப்பா, முகத்தில் சிரிப்பு மாறாமல். “ஒங்களுக்குக் குடகுல பேயுற மழ ஆறா வந்து சேருது. எங்களுக்கு எங்க தலைக்கு மேல பேஞ்சாத்தான்.”

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கைகழுவி எழுந்துவிட்டேன்.

சில நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, எங்க ஊரு ஒங்க கண்ணுக்குத் தண்டனையாத் தெரியுது. அந்த நெனப்போட பொண்ண அனுப்பாதீங்க.”

அன்று சாயங்காலம் மகள் அழுதுகொண்டே பேசினாள். “அவங்கப்பா ‘நமக்குச் சரிப்படாது’ன்னு மட்டும்தான் சொல்றாராம், வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாராம். நீங்க ஏதாச்சும் சொன்னீங்களாப்பா?”

பெற்ற மகனிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ, “நான் என்னம்மா சொல்லப்போறேன்” என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மகள் இப்போது வேறொரு வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தக் குடும்பத்தின் மேல் அவளுக்கு இன்னும் கசப்பு உண்டு. அது எனக்குச் சேர வேண்டியது.

படிக்கிறவர்கள் இதை யாரிடமாவது சொன்னால், ‘மகள் நன்மைக்குத்தானே பேசினார்’ என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்காமல், நடந்தபடியே சொல்லுங்கள். வருடாவருடம் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது கும்பிடத்தான் செய்கிறேன், ஆனால் முன்போலத் தலை நிமிர்ந்து கும்பிட முடியவில்லை.