பாடைப் பூவில் காய்த்த பீன்ஸ்

பிணத்துக்குப் போட்ட பூவைத்தான் என் தோட்டத்துக்கு உரமாக்குகிறேன். ஆம், சாவு ஊர்வலத்தில் மாலைகளைப் பிய்த்துப் பிய்த்துத் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டு போவார்களே... அந்தப் பூ! அதில் காய்த்த பீன்ஸைத்தான் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள். அதற்கு முன், ஏற்காட்டில் மலையை வெட்டிக் கட்டிய ஒரு வீட்டின் பின்புறம் மண்வெட்டி போட்டுப் பாருங்கள். கல்லும் செம்மண் கட்டியும்தான் வரும். காட்டில் சருகு அள்ளினால் வனக்காவலர் பிடித்துக்கொள்வார். காப்பித் தோலை எஸ்டேட்காரர்கள் தங்கள் செடிகளுக்கே வைத்துக்கொள்கிறார்கள். சாணம் கேட்டால் செம்மநத்தத்திலிருந்து லோடு கணக்கில்தான் வருமாம். என் கையகலத் தோட்டத்துக்கு லோடா!

சுடுகாட்டுப் பாதை என் வாசல் வழியாகத்தான் போகிறது. செண்டுமல்லி, ரோஜா, சம்பங்கி... பூக்களை மிதிக்காமல் எல்லோரும் ஒதுங்கி நடப்பார்கள். பிறகு ஜீப்பும் பஸ்ஸும் ஏறி நசுக்கும். அது மட்டும் இறந்தவருக்கு மரியாதையா?

எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்குப் பனி இறங்கிய ஒரு பகலில் முதன்முதலாகத் துடைப்பத்தை எடுத்தேன். கூட்டி அள்ளியதைக் கொல்லைக் குழியில், என் வேலியோரச் சில்வர் ஓக் மரம் உதிர்த்த சருகோடு அடுக்கி, புளித்த மோர் தெளித்து மூடினேன். உடனே தலைக்குக் குளித்தேன். அவ்வளவு பயந்தவள்தான் நான்! குழியில் பூ கறுத்து மண்ணானபோது பயமும் போய்விட்டது.

அடுத்த வீட்டு மல்லிகாவின் கணவர் சுற்றுலா ஜீப் ஓட்டியவர். மாரடைப்பில் போய்விட்டார். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட மனிதர். அவருடைய ஊர்வலம் போன பின்னும் நான் கூட்டினேன். வெட்கமில்லையா என்கிறீர்களா? அழுதுகொண்டேதான் கூட்டினேன். ஆனாலும், கூட்டினேன்.

மல்லிகா மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் குழி உரத்தில் காய்த்த பீன்ஸைப் பொரியல் செய்து கொண்டுபோனேன். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லி, வாயில் இருந்ததைத் துப்ப வைத்திருக்க வேண்டுமா?

"நொம்ப ருசியா இருக்குதுங்கக்கா. மண்ணுக்கு அப்படி என்னதான் போடறீங்க?"

"காப்பித் தோலுதான் கண்ணு."

கூசாமல் சொன்னேன். அவள் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

போன வாரம் தன் வீட்டிலும் செடி வைக்கப்போவதாகச் சொல்லி, உரம் கேட்டுச் சாக்கோடு வந்தாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? குழியோரம் குந்தி வெறுங்கையால் பிடி பிடியாக அள்ளியவள் சட்டென்று நிறுத்தினாள். விரலில் ஒரு ஜிகினா இழை... மாலைகளில் சுற்றி வருமே, அது. பூ மக்கும், ஜிகினா மக்காது என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது!

"இதென்னங்கக்கா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்...

"கோயில் மாலையா இருக்கும் சாமி."

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், கணவரின் படத்தில் சுற்றி வைத்துவிட்டாள்.

அது அவருடைய மாலையில் இருந்த இழையாக இருக்கலாம். முகம் தெரியாத வேறு எவருடைய பாடையிலிருந்தும் விழுந்திருக்கலாம். எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அடுத்த ஊர்வலம் போனாலும் துடைப்பத்தோடு இறங்கத்தான் போகிறேன். நாலு வீட்டுக்குக் காய் கொடுப்பேன், காப்பித் தோல் என்றே சொல்வேன். ஆனால் மல்லிகா வீட்டுக்குப் போனால் மட்டும்... அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.