ரப்பர் பேண்ட் போட்ட ஒயர்

நாளை மறுநாள் என் மனைவிக்குக் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும். படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில். இன்று காலை அது ஆன் ஆகவில்லை.

பெட்டியின் பின்னால் இருந்த ஒயர்களைக் கழற்றி மாட்டினேன். மூடியைத் திறந்து, ரேம் என்கிற மெமரி அட்டையை எடுத்து அழிரப்பரால் தேய்த்தேன். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

கும்மிடிப்பூண்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவருக்குப் போன் செய்து, செய்ததை வரிசையாகச் சொன்னேன்.

"இவ்ளோ பண்ணிகிறியே சார், செவுத்துல பிளக்கு சொருவிகீதா?"

"அது எப்பவும் சொருகித்தான் இருக்கும்."

"அத்த பாத்துட்டு சொல்லு சார்."

மேசையை நகர்த்தினேன். பிளக் வெளியே கிடந்தது. ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

பக்கத்து உருக்காலை ஓடும்போது இங்கே கரண்ட் ஏறி இறங்கும். அதனால் வெளியே கிளம்பினால் அவள் இப்படிச் செய்துவிட்டுத்தான் வருவாள். கடைசியாகக் கிளம்பியது ஆஸ்பத்திரிக்கு. நெஞ்சு வலி என்றவள், நான் ஆட்டோ பிடித்து வருவதற்குள் இதையும் செய்திருக்கிறாள்.

சொருகினேன். ஆன் ஆகிவிட்டது. படமும் கிடைத்தது.

சட்டம் போடக் கடைக்குக் கிளம்பியவன், வாசலிலிருந்து திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்கினேன். ஒயரைச் சுருட்டத்தான் சரியாக வரவில்லை.

உங்கள் வீட்டில் இது யார் வேலை?