பிரேக்குக்கு விட்ட தறி எண்ணெய்

மருதமுனையில் நாங்கள் கைத்தறி நெய்பவர்கள். மழையில் பிரேக் பிடிக்கவில்லையென்று மகன் தன் மோட்டார் சைக்கிளுக்குப் புதிய பிரேக் கட்டைகள் போட்டான். அவை கிறீச்சிட்டன.

மறுநாள் முக்காட்டை இழுத்துவிட்டு, கூச்சத்தோடு அவன் பின்னால் ஏறி ஒலுவிலுக்குப் புறப்பட்டேன். வழியில் எருமைகள் குறுக்கிட்டன. பிரேக் பிடிக்கவேயில்லை!

"உம்மா, இறுக்கிப் புடிங்க!" என்று கத்தியவன், வண்டியை வைக்கோல் குவியலுக்குள் விட்டான். அல்ஹம்துலில்லாஹ், கீறல்கூட இல்லை! சக்கரத்தில் எண்ணெய் வழிந்தது.

வீடு திரும்பி விசாரித்தபோது, "பிரேக் கத்திச்சு, தறிக்கு விடுற எண்ணெயைக் கொஞ்சம் விட்டன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாப்பா, ஓடுறதுக்குத்தான் எண்ணெய். நிக்கிறதுக்கு எண்ணெய் விடுற ஆள் நீங்க ஒராள்தான்!" என்றான் மகன்.

மறுபடி புதுக் கட்டைகள் போட்டான். பிறகொருநாள் மழையில் மாடு பாய்ந்தபோது, வண்டி அதன் மூக்கடியில் நின்றது! நல்ல பிரேக் போடத்தான் வேண்டும், சகோதரிகளே. இப்போது வண்டிச் சத்தம் கேட்டதுமே எண்ணெய்ப் போத்தலை வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒளித்துவிடுகிறேன்.