ஆஸ்பத்திரித் தோட்டத்து நித்தியகல்யாணி

மருமகள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நித்தியகல்யாணிச் செடி ஒன்றைத் தொட்டியோடு வாங்கிவந்து வாசலில் வைத்திருக்கிறாள். அதைத் தாண்டாமல் நான் வெளியே போக முடியாது.

என் சிறுவயதில் திருமானூர்ப் பக்கம் அந்தப் பூவை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். கொள்ளிடக்கரைச் சுடுகாட்டில் மண்டிக்கிடக்கும். பெண்கள் தலையில் வைப்பதில்லை, ஆடுகூடக் கடிக்காது.

அப்போது அக்காவுக்குக் கழுத்தில் புற்றுக்கட்டி. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மாவும் அவளோடேயே தங்கிவிட்டாள். அப்பா வடித்த குழைந்த சோற்றைத் தின்றுகொண்டு நான் அம்மாவுக்காக ஏங்கினேன். ஊசி போடப்போட அக்காவின் கட்டி கரைந்துவந்தது. முடியும் கொட்டியது. "ஒனக்கு மொட்டை போட்டப்ப நான் சிரிச்சேன்ல, இப்ப நீ சிரிடா" என்பாள்.

ஒருநாள் அப்பாவோடு பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் என்னை ஜன்னலருகே அழைத்துத் தோட்டத்தைக் காட்டினார்.

"அந்தச் செடியிலேர்ந்து பிரிச்செடுக்குற மருந்துதான் தம்பி ஒங்கக்காவுக்குப் போடுறது."

அந்த மருந்துச் சத்துக்கு அவர் சொன்ன ஆல்கலாய்டு என்ற பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். செடி எனக்குத் தெரிந்த செடி. அம்மா அதற்கு எவ்வளவு பயப்படுவாள் என்பதும் தெரியும். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவளிடம் சொல்லிவிட்டேன். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டுக்கு வரவேண்டும்; அதற்காகத்தான் சொன்னேன்.

"பொணம் எரிக்கிற எடத்துச் செடியவா சார் எம்பொண்ணு ஒடம்புல ஏத்துறீங்க?"

டாக்டர் கெஞ்சினார். "இப்ப நிறுத்துனா கட்டி திரும்ப வந்துரும்மா."

அம்மா மூட்டையைக் கட்டிவிட்டாள்.

கட்டி வந்தது. அடுத்த பொங்கலுக்கு அக்கா இல்லை. அம்மாவின் மூடநம்பிக்கைதான் கொன்றது என்று ஊர் பேசியது. காலேஜில் படிக்கும்போது நானும் அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். 'நீதானேடா சொன்ன' என்று சாகும்வரை அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில், அம்மாவுக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். அம்மா கண்ணயர்ந்ததும் அக்கா எட்டி என் தலையைத் தடவினாள்.

"கெட்டிக்காரன்டா நீ. அம்மாவ வூட்டுக்குக் கூட்டியாந்துட்ட."

பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.