கோடிச் சேலையில் தைத்த போர்வை

என் அண்ணன் பொய் சொன்னார். தங்கையின் மகள் கல்யாணத்தன்று, மண்டபத்தில், தங்கையின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

நான் துண்டுத்துணிப் போர்வை தைத்து விற்கிறவள். கோயமுத்தூரில் வீட்டு முன்னறையில்தான் வேலை. கலர்த் துண்டுகளைப் பூவாக வெட்டி ஒரு வெளிர்துணிமேல் வைத்துத் தைப்பேன். வாங்குகிறவர்கள் பூவைத்தான் புகழ்வார்கள். அது எடுப்பாகத் தெரிவது அடியில் இருக்கும் துணியால். அந்தத் துணியைத் தேர்ந்தெடுக்கவே எனக்குப் பாதி நாள் போகும். பளீர் வெள்ளை ஆகாது, கண்ணைக் குத்தும். மோர் நிறம், வெளிறிய சந்தனம், வெளுத்த சாம்பல், இப்படி வேண்டும். துணிகளைத் தரையில் விரித்துவிட்டு வாசப்படி வரை போய்க் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பேன். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

தங்கையின் கணவர் நான்கு வருஷத்துக்கு முன் மதுக்கரையில் மாரடைப்பில் செத்தார். எங்கள் பக்கம், புருஷன் செத்தவள்மேல் பிறந்த வீட்டார் வெள்ளைச் சேலை கொண்டுபோய்ப் போட வேண்டும். கோடி போடுவது என்று பெயர். அண்ணன் போட்டார். சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு என்று ஆளாளுக்குப் போட்டார்கள். நானும் ஒன்று கொண்டுபோனேன், வெட்கமில்லாமல். மொத்தம் ஒன்பது. இந்தக் காலத்தில் யாரும் அதை உடுத்தச் சொல்வதில்லை. போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தங்கை ஒன்பதையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுல எம்புள்ளைக்கு ஒரு போர்வை தெச்சுக் குடுங்க. பொட்டிக்குள்ள கெடந்து பூச்சி அரிக்குது."

"கல்யாணச் சீர்ல இத வெப்பியா? நாலு பேரு நாலு சொல்லுவாங்க."

"துணி என்ன பாவம் பண்ணுச்சுங்க்கா?"

விரித்தேன். ஒன்பதும் ஒரே வெள்ளை என்று நினைத்திருந்தேன். ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்று பழுப்பேறி மோர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்றில் வெள்ளை நூலிலேயே சின்னக் கட்டம், தடவினால்தான் தெரியும். இன்னொன்று பாலியஸ்டர் கலந்தது, நீலம் பாய்ந்து பளபளவென்று கிடந்தது. வாசப்படியில் நின்று பார்த்தால் அது ஒன்றுதான் தெரிந்தது.

"இது ஆரு போட்டது?"

"அண்ணன்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் புருஷன் போனபின் அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதைத் தள்ளிவிட்டு மற்ற எட்டையும் அடியில் வைத்துத் தைத்தேன். பூவுக்கு அவள் புருஷனின் சட்டைகள், மகளின் சின்ன வயதுக் கவுன்கள். மூன்று மாத வேலை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். போர்வையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா அடக்கமா இருக்குது அம்மணி. துணி எந்தக் கடைல எடுத்தே?"

"தங்கச்சிக்குப் போட்ட கோடிங்கண்ணா. உங்குளுது மட்டும் ஆகலீங்க."

சட்டென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன்.

கல்யாணத்தன்று தாய்மாமன் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் அவர்தான். மேடைப் படியில் கால் வைக்கப்போன தங்கையைத் தடுத்தார். "கண்ணு, மாப்ள ஊட்ல சங்கடப்படறாங்க. போர்வையும் வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. நீ கீழயே இருந்துக்க." அவள் பந்தி நடக்கிற இடத்துக்குப் போய் இலை போட்டாள். தாலி கட்டும்போது மேளச்சத்தம் கேட்டிருக்கும். அவள் மகள் கல்யாணத்தில் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார். "ஏனுங்க, தங்கச்சி ஏனுங்க மேடைக்கு வரலை? அவங்குளுக்குனு சேர் போட்டு வெச்சிருந்தமுங்க. எங்க மேல வருத்தமுங்களா?"

போர்வையைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் போர்வைங்க?" என்றார். அது அண்ணன் கார் டிக்கியில் கிடந்தது. நானே எடுத்து வந்துவிட்டேன்.

தங்கையிடம் அன்றைக்கே சொன்னேன். நம்பவில்லை. "அண்ணன் எதுக்குங்க்கா பொய் சொல்றாரு? அந்தம்மா மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்க." சம்பந்தியம்மா தொண்டாமுத்தூரிலிருந்து இரண்டு தடவை நேரில் வந்து கூப்பிட்டும் பார்த்தார். எங்கள் ஊரில் ஆகாத ஆளிடமும் "வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க" என்றுதான் சொல்வோம். அதனால் மனதாரக் கூப்பிட்டாலும் நம்புவதற்கு ஆளில்லை.

அண்ணனிடம் கேட்டேன். "ஆனது ஆச்சு, உடு அம்மணி" என்றார்.

ஒரு வருஷமாகத் தங்கை மகள் வீட்டுக்குப் போகவில்லை. மகள் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புகிறாள். இப்போது அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். தங்கை வளைகாப்புக்கும் வரமாட்டாளாம், பிரசவத்துக்கு மகளை அழைத்து வரவும் மாட்டாளாம். "என்ற கை பட வேண்டாங்க்கா. வயித்துப் புள்ளைக்கு ஆகாது" என்கிறாள். பெற்றவள் வாயில் இந்தப் பேச்சைப் போட்டது என் அண்ணனின் ஒரு பொய்.

அண்ணா, நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். வளைகாப்புக்குத் தாய்மாமன் முறை செய்ய நீங்கள் வரத்தான் போகிறீர்கள். அந்தப் போர்வையை நான் நடுக்கூடத்தில் விரிப்பேன். தங்கைக்குப் போன் போட்டு, அவளுக்குக் கேட்கும்படி அதை உங்கள் முன்னால் வைப்பேன். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொல்லுங்கள்: அவள் மேடை ஏறக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் உங்களிடம் சொன்னது யார்?